அப்பாவின் பேஸ், ஆணியின் பேஸ்

நாங்கள் வாசித்த கிளப்பில் மேடைக்கு முன்னால் கம்பிவலை அடித்திருந்தார்கள். கோழிக்கூண்டுக்கு அடிப்பார்களே, அந்த வலைதான். பாட்டு பிடிக்காவிட்டால் பாட்டில் பறந்து வரும். பிடித்துவிட்டாலும் வரும். துறைமுகத்தில் சுமை இறக்குகிறவர்களும் கிரேன் ஓட்டுகிறவர்களும் ஞாயிற்றுக்கிழமை மதியமே குடிக்க உட்கார்ந்து, யாராவது ஒருத்தனுடைய மூக்கை உடைத்த பிறகுதான் வீட்டு நினைப்பு வந்து எழுந்திருப்பார்கள். நான் அங்கே கீபோர்டு வாசித்தேன். எனக்கு வலது கைப்பக்கம் பேஸ் கிட்டாரோடு நின்றவளைப் பற்றித்தான் இப்போது சொல்லப்போகிறேன்.

அவளை எல்லோரும் ஆணி என்றுதான் கூப்பிடுவார்கள். வாரம் முழுக்க அவளுக்கு லாரி டயர் கடையில் வேலை. இரும்புக் கம்பியை நெம்பி டயரைக் கழற்றி, உள்ளே புதைந்து கிடக்கும் ஆணிகளைக் குறடால் பிடுங்கி டப்பாவில் போடுவாள். ஆளும் ஆணி மாதிரி ஒல்லிதான். தோளும் மணிக்கட்டும் மட்டும் வேறு யாரிடமோ கடன் வாங்கி மாட்டிக்கொண்டதுபோல் இருக்கும். கடையில் வைத்த பெயர் எங்களிடம் வந்தபோது அதற்கு இன்னொரு பொருள் சேர்ந்தது. பாடகர் போதையில் வேகம் கூட்டினாலும் குறைத்தாலும், இவள் ஒரு சுரத்தை ஆணி அடித்த மாதிரி அடித்துப் பாட்டை அங்கேயே நிறுத்திவிடுவாள்.

அவளுடைய அப்பாவும் அதே கிளப்பில் அதே மூலையில் நின்று பேஸ் வாசித்தவர். கல்யாணத்துக்கு முன்பே, கப்பலில் வாசிக்க வந்த ஒரு வெளியூர்க்காரனிடமிருந்து ஒரு பேஸை வாங்கியிருந்தார். அது ஆணியைவிட வயதில் மூத்தது. தேன் நிறத்தில் தொடங்கி ஓரத்துக்குப் போகப் போகக் கறுக்கும் வார்னிஷ். வலது முழங்கை படும் இடத்தில் அது மொத்தமாக உரிந்து வெறும் மரம் தெரியும். தலைப்பக்கத்தில் கம்பி முனையில் சொருகி வைத்த சிகரெட்டுகள் சுட்ட கரும்புள்ளிகள். உடம்பின் கீழ்ப்பக்கத்தில் கட்டைவிரல் உள்ளே போகிற அளவுக்கு ஒரு பள்ளம்.

மேடையில் அந்த மனிதர் பசு. கண்ணை மூடிக்கொண்டு, யார் பாட்டிலை வீசினாலும் தலையைக்கூடத் திருப்பாமல் வாசிப்பார். வீட்டுக்கு வந்தால் புலி. பேஸின் தோள்வாரை உருவிப் பிள்ளைகளை அடிப்பார். மகனுக்கு வாசிக்கச் சொல்லிக்கொடுத்தது இப்படித்தான்: பின்னால் நின்றுகொள்வார், ஒரு சுரம் தப்பினால் பிடரியில் ஒரு அறை. மகன் நன்றாகவே வாசிக்கக் கற்றுக்கொண்டான். பிடரியில் ஈ உட்கார்ந்தாலும் தோளைக் குறுக்கிக்கொள்ளும் பழக்கத்தையும் சேர்த்தே கற்றுக்கொண்டான். மகளுக்கு அவர் எதையும் சொல்லித்தரவில்லை. அவர் தூங்கும் நேரத்தில் பெட்டியைத் திறந்து, ஆம்ப்ளிஃபயரில் மாட்டாமல் காதை மரத்தில் ஒட்டவைத்துக்கொண்டு அவளாகவே வாசித்துப் பழகினாள். ஒருநாள் பிடிபட்டாள். அவர் திட்டவில்லை. அவளுடைய இடது கையைப் பிடித்துப் பெட்டியின் விளிம்பில் வைத்து, மூடியைப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். மோதிரவிரலின் நகம் பிறகு கோணலாகத்தான் முளைத்தது.

அவர் செத்ததும் அடிதடியில்தான். கிளப் வாசலில் ஒரு கிரேன் ஓட்டுநரோடு சண்டை, ஒரு தள்ளு, நடைபாதைக் கல்லில் பின்மண்டை. ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்த மகன் முதலில் கேட்டது பேஸ் எங்கே என்றுதான். அது பெட்டிக்குள் ஒரு கீறல்கூடப் படாமல் பத்திரமாக இருந்தது.

அப்படி அண்ணன் கைக்குப் பேஸும் வந்தது, கிளப்பில் அப்பா நின்ற மூலையும் வந்தது, அந்தக் கையும் வந்தது. ஆணிக்குக் கேட்கவே தோன்றவில்லை. டயர் கடையில் சேர்ந்து சில வருஷம் கழித்து, வாத்தியக் கடைக்குப் போய் அதே மாடலில் புதிதாக ஒன்றை வாங்கினாள். பழைய மாடலை அதே அச்சில், அதே வண்ணத்தில், திருகுகூட மாறாமல் கம்பெனியே திரும்பச் செய்து விற்கிறது. கடைக்காரர் அதை ரீஇஷ்யூ என்றார். தூரத்தில் வைத்துப் பார்த்தால் அப்பாவின் பேஸ் குளித்துத் தலைவாரி வந்து நிற்கிற மாதிரி இருக்கும்.

அண்ணனுக்கு அது பெரிய கேலியாகப் போயிற்று. பிணத்துக்குப் பவுடர் பூசினால் எழுந்து நடக்குமா என்று கேட்டான். ஒத்திகை நேரத்தில் இதைப் பற்றி அவன் பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டான். அந்தக் காலத்து மரம் தானாக உலர்ந்த மரம், வருஷம் ஆக ஆக இலேசாகி அதிர்கிறது. அந்தக் காலத்து வார்னிஷ் மெல்லியது, மரத்தை மூச்சுவிட வைக்கும். கம்பிக்குக் கீழே இருக்கும் காந்தம்கூடக் கிழடாகிக் கொஞ்சம் பலம் குறைவதால்தான் ஒலி உறுத்தாமல் வருகிறது. புதுசில் இதில் எது இருக்கிறது என்பான். அவன் சொன்னதில் பாதி உண்மை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவன் வாசிக்கும்போது தரையிலிருந்து ஒரு சூடு கிளம்பிக் காலில் ஏறும். ஆனால் மூன்றாவது பாட்டுக்குள் அந்தப் பேஸ் சுருதி இறங்கிவிடும் என்பதும் எங்களுக்குத் தெரியும். கழுத்து வளைந்திருந்தது, முறுக்காணிகள் தேய்ந்திருந்தன. அதை அவனிடம் சொல்லும் தைரியம் யாருக்கும் இல்லை.

ஒருநாள் பாடகர் சொல்லிவிட்டார். தங்கையின் புதுப் பேஸை ஒரு ஞாயிறு வாங்கி வாசித்துப் பாரேன், சுருதியாவது நிற்கும் என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அண்ணன் பேஸைக் கழற்றி ஜாக்கிரதையாகத் தாங்கியில் நிறுத்தினான். பிறகு மைக் ஸ்டாண்டைத் தூக்கி அதன் இரும்பு அடிப்பாகத்தால் பாடகரின் வாயில் அடித்தான். முன்பற்கள் கீபோர்டின் மேல் வந்து விழுந்தன. கறுப்புக் கட்டைகளுக்கு நடுவில் கிடந்தவற்றை நான்தான் பொறுக்கினேன். கிளப் முதலாளி அன்றைக்கே அவனை இனி இந்தப் படி ஏறக்கூடாது என்று விரட்டிவிட்டார்.

பேஸ் இல்லாமல் இசைக்குழு நடத்தமுடியாது. டயர் கடைக்குப் போய் ஆணியைக் கேட்டோம். அண்ணனுடைய இடமாயிற்றே என்று யோசிக்கிறாயா என்று நானே எடுத்துக்கொடுத்தேன். அவள் குறடைக் கீழே வைக்காமலே பதில் சொன்னாள்.

“அது அண்ணன் இடமும் இல்ல, அப்பா இடமும் இல்ல. காலியா இருக்கற இடம். வரேன்.”

அவள் வந்த முதல் ஞாயிறே அண்ணனும் வந்தான். மதியம், கூட்டம் சேராத நேரம். நாங்கள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தோம். அவன் வலையை இரண்டு கையாலும் பிடித்து இழுத்து ஆணிகளோடு பெயர்த்தான். மேடையில் ஏறி, அவள் பேஸிலிருந்த வயரைப் பிடுங்கி எறிந்தான். அவள் ஓடவில்லை. முடியைக் கொத்தாகப் பிடித்து மண்டையை ஆம்ப்ளிஃபயரில் இரண்டு முறை மோதினான். அவள் தலையை விட்டுவிட்டுப் பேஸைத்தான் இறுகப் பிடித்துக்கொண்டாள். அதைப் பார்த்ததும் அவன் வேறு முடிவுக்கு வந்தான். அவளுடைய இடது கையை வளைத்து மேலே தூக்கினான்.

“இதை வச்சுத்தானே வாசிக்கற?” என்று மெதுவாக, ஏதோ விசாரிப்பதுபோலக் கேட்டான். சுண்டுவிரலைப் பின்பக்கமாக மடக்கினான். அது முறிந்த சத்தம் ஆம்ப்ளிஃபயர் இல்லாமலே கடைசி நாற்காலிவரை கேட்டது.

டிரம்ஸ்காரரும் நானும் அவன்மேல் விழுந்து பிடுங்கப் பார்த்தோம்; எங்களால் ஆகவில்லை. குடிக்க வந்திருந்த சுமைக்காரர்கள்தான் அவனைக் காலைப் பிடித்து இழுத்துக் கீழே போட்டு மிதித்தார்கள். அவர்கள் மிதிப்பது வேலை செய்வது மாதிரியே இருந்தது, பேச்சில்லை, அவசரமில்லை. போதும் என்று ஆணி சொல்வாள் என எதிர்பார்த்து அவளைப் பார்த்தேன். அவள் விரலைக் கக்கத்தில் அழுத்திக்கொண்டு, கண் சிமிட்டாமல் பார்த்துக்கொண்டு நின்றாள்.

விரல் கூடியது, மடங்கவில்லை. மிச்ச மூன்று விரலை வைத்து வாசிக்கப் பழகினாள். முன்னைவிடக் குறைந்த சுரங்கள். ஒவ்வொன்றையும் யோசித்துப் போடவேண்டியிருந்தது. எனக்கென்னவோ அவள் வாசிப்பு அதற்குப் பிறகுதான் நிஜமாகவே நன்றாக ஆயிற்று. இதை அவளிடம் ஒருமுறை சொன்னேன். அப்படியானால் உன் விரலில் ஒன்றைக் கொடு, உனக்கும் நல்லது செய்கிறேன் என்றாள்.

அவள் டயர் கடை மாடியில் ஒரு அறை எடுத்துத் தனியாகப் போய்விட்டாள். அண்ணன் அம்மாவோடு பழைய வீட்டில் இருந்தான். ஞாயிறு காலையில் அவள் அம்மாவைப் பார்க்கப் போவாள், அண்ணன் அந்த நேரத்தில் வெளியே போய்விடுவான். வாயால் பேசிக்கொள்ளாமலே அப்படியொரு ஏற்பாடு. ஒரு ஞாயிறு மட்டும் அவன் போகவில்லை. அன்று நானும் அங்கே இருந்தேன். ஆம்ப்ளிஃபயரை என் வேனில் ஏற்றிவிட்டு, அவளையும் கூட்டிக்கொண்டு கிளப்புக்குப் போகலாம் என்று வந்தவன், தண்ணீர் குடிக்க உள்ளே போனேன்.

கூடத்தில் ஒரு புது மனிதர் இருந்தார். பழைய வாத்தியங்களை வாங்கி விற்கிறவர். பளபளப்பான காலணி, மிருதுவான குரல். மேஜைமேல் ஒரு வெல்வெட் துணி விரித்து அதில் அப்பாவின் பேஸைப் படுக்கவைத்திருந்தார். கண்ணில் பூதக்கண்ணாடி வைத்து, சின்ன டார்ச் அடித்து, கழுத்துத் திருகுகளைக் கழற்றி உள்ளே இருந்த முத்திரையைப் பார்த்தார், மரத்தை முகர்ந்தும் பார்த்துவிட்டுத் திரும்பப் பூட்டினார். வேலை போன பிறகு அண்ணன் அதை விற்க முடிவு செய்திருந்தான்.

வியாபாரிக்கு அதன் காயங்கள்தான் ரொம்பப் பிடித்திருந்தன. உரிந்த வார்னிஷையும் சிகரெட் சூட்டையும் குழந்தையின் கன்னத்தைத் தடவுவதுபோலத் தடவினார். இப்போதெல்லாம் கம்பெனிக்காரர்களே புதுசைச் செய்து சாவிக்கொத்தால் கீறி, சங்கிலியால் அடித்து, பழசு மாதிரி ஆக்கி விற்கிறார்கள் என்று எங்களுக்குச் சொன்னார். ஜனங்கள் தழும்புக்கு ஏங்குகிறார்கள். ஆனால் கையால் உண்டாக்கிய தழும்பு வேறு, வாழ்ந்து வந்த தழும்பு வேறு என்றார். ஆணி முதுகில் பேஸ் பையோடு வாசலில் நிற்பதைப் பார்த்ததும் அவருக்கு இன்னும் உற்சாகம். நீங்களும் வாசிக்கிறவரா, அப்படியானால் இரண்டையும் ஒரு தரம் வாசித்துக் காட்டுங்கள் என்றார்.

அவள் மறுப்பாள் என்று நினைத்தேன். என் வேனிலிருந்து ஆம்ப்ளிஃபயரை இறக்கச் சொன்னாள். முதலில் தன்னுடையதை வாசித்தாள். கனத்த மரம், கூர்மையான ஒலி. சொன்ன பேச்சைக் கேட்கிற, கணக்கில் தப்பாத ஒலி. பிறகு அப்பாவுடையதை எடுத்தாள். மூடிக்கு நடுவில் விரல் மாட்டிய நாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான் அதைத் தொடுகிறாள். தோளில் மாட்டியதும் இவ்வளவு இலேசா என்பதுபோல ஒருமுறை குனிந்து பார்த்தாள். அந்தக் கழுத்தின் ஓரங்கள் வருஷக்கணக்கில் ஒரு கை பட்டுப் பட்டு மழுங்கியிருந்தன. அந்தக் கையின் அளவும் அவள் கையின் அளவும் ஒன்றுதான். விரல்கள் தேடாமலே போய் உட்கார்ந்தன. அவள் ஒரே ஒரு கீழ்ச்சுரம் மீட்டினாள். அது மேஜையில், தண்ணீர்க் குவளையில், என் நெஞ்செலும்பில் போய் நின்றது. பிறகு ஒரு பாட்டின் அடிவரியை மூன்று விரலால் முழுக்க வாசித்தாள். வியாபாரி கண்ணை மூடிக்கொண்டார். அண்ணன்கூடச் சுவரில் சாய்ந்து கொஞ்சம் இளகித்தான் நின்றான்.

“இப்பவாவது தெரியுதா?” என்றான்.

“தெரியுது. இதுதான் நல்லா இருக்கு” என்றாள் ஆணி. முகம் வெளுத்திருந்தது. தனக்குப் பிடித்துவிட்டதே என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

அந்த நேரத்தில்தான் வியாபாரி அடிப்பக்கத்துப் பள்ளத்தில் கட்டைவிரலை வைத்து, இது எப்படி விழுந்தது என்று கேட்டார். மேடையிலிருந்து கீழே விழுந்ததில் என்று அண்ணன் சொன்னான். சமையலறை வாசலில் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு அம்மா நின்றிருந்தாள். நான் அந்த வீட்டுக்குப் போய்வந்த அத்தனை நாளில் அவள் சாப்பிடுகிறாயா என்பதைத் தவிர வேறு பேசிக் கேட்டதில்லை.

“மேடையில இருந்து விழல” என்றாள். “என்மேல வந்தது. நான் விலகினேன், நிலைக்கதவுல பட்டுச்சு. அதுக்கு முன்னாடி ஒண்ணு வந்தது. அதுக்கு விலகல.”

ரவிக்கைக் கழுத்தைக் கொஞ்சம் நகர்த்திக் காட்டினாள். தோளெலும்பு நடுவில் முடிச்சுப் போட்ட கயிறு மாதிரி புடைத்திருந்தது.

வியாபாரி திடுக்கிட்டார்தான். ஐயோ என்றார். ஆனால் அவர் தொழில் அவரை விடவில்லை. இப்படிப்பட்ட வரலாறு உள்ள வாத்தியத்துக்கு மதிப்பே வேறு என்றும், அம்மாவைப் பேஸோடு நிற்கவைத்து ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளலாமா என்றும் கேட்டார். அண்ணனின் முகத்தில் ரத்தம் ஏறியது. அந்நிய மனிதன் முன்னால் அப்பாவின் மானம் போனது அவனுக்குப் பொறுக்கவில்லை. வாயை மூடு என்று அம்மாவின் கன்னத்தில் அறைந்தான். அவள் மேஜை முனையில் மோதி உதடு கிழிந்தது. அதோடு விட்டானா? அவள் காட்டினாளே, அதே தோளைப் பிடித்து உலுக்கிச் சுவரில் தள்ளினான். அவள் கத்தவில்லை. பழகியவர்கள் கத்துவதில்லை போலிருக்கிறது. மூச்சை மட்டும் உள்ளே இழுத்தாள்.

ஆணி தோளிலிருந்து அப்பாவின் பேஸைக் கழற்றினாள். வெல்வெட் துணிமேல் வைத்தாள். குனிந்து தன்னுடைய பேஸைக் கழுத்தைப் பிடித்து எடுத்தாள். இதெல்லாம் நிதானமாக நடந்தது என்று எனக்கு நினைவு. உண்மையில் ஒரு மூச்சு நேரம்கூட இருக்காது. கோடரி வீசுவதுபோல வீசினாள். முதல் அடி, அவன் தடுக்கத் தூக்கிய வலது கையில். முழங்கைக்குக் கீழே கை புதிதாக ஒரு இடத்தில் மடங்கியது. இரண்டாவது அடி தாடையில். அவன் ஒரு சத்தமும் இல்லாமல் மடிந்து விழுந்தான். வாயிலிருந்து ரத்தமும் எச்சிலும் நூலாக இறங்கின. மூன்றாவது அடிக்கு அவள் தலைக்கு மேல் ஓங்கியபோது, அம்மா தவழ்ந்துபோய் மகன்மேல் குப்புறப் படுத்துக்கொண்டாள்.

ஓங்கிய கை அப்படியே நின்றது. நான் அப்போதுதான் போய் அவள் இடுப்பைக் கட்டிப் பிடித்தேன். அவள் உடம்பு முழுக்க அந்தக் கீழ்ச்சுரம் மாதிரி அதிர்ந்துகொண்டிருந்தது. மூலையில் பார்த்தேன். வியாபாரி சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்து, பழைய பேஸுக்கு அடிபடாமல் தன் முதுகால் மறைத்து அதைக் கட்டிக்கொண்டிருந்தார்.

பிற்பாடு ஒருநாள் கேட்டேன். கையில் ஒன்று இருக்கும்போது அதைக் கழற்றி வைத்துவிட்டு ஏன் இன்னொன்றை எடுத்தாய் என்று. அப்பாவின் நினைவு, அது இது என்று ஏதாவது சொல்வாள் என்று நினைத்தேன்.

“பழசு இலேசு” என்றாள். “புதுசுதான் கனம்.”

போலீஸ் வந்ததும் அம்மா வாயைத் துடைத்துக்கொண்டு, பையன் மாடிப்படியிலிருந்து விழுந்துவிட்டான் என்றாள். எத்தனையோ வருஷமாகத் தன்னைப் பற்றியே டாக்டர்களிடம் சொல்லி வந்த வசனம் அது. நாக்கு தானாகவே சொல்லிவிட்டது. இன்ஸ்பெக்டர் சுற்றும் முற்றும் பார்த்தார். அது ஓட்டு வீடு, மாடியே கிடையாது. ஆணி முன்னால் வந்தாள்.

“நான்தான் அடிச்சேன் சார். அவன் அம்மாவை அடிச்சான், நான் அவனை அடிச்சேன். எழுதினா ரெண்டையும் எழுதுங்க.”

இரண்டையும் எழுதினார்கள். சாட்சி சொல்ல நானும் போனேன், அண்ணன் அம்மாவை அடித்ததையும் சொன்னேன். இருந்தாலும் தாடை பிளந்திருந்தது, கை முறிந்திருந்தது. ஆணி சில மாதம் உள்ளே இருக்கும்படி ஆயிற்று. டயர் கடைக்காரர் வேலையைக் காலியாகவே வைத்திருந்தார். ஏன் என்று கேட்டால், என் டயருக்கு இவள்மேல் ஒரு புகாரும் கிடையாது என்றார்.

சிறையில் அவளைப் பார்க்கப் போனபோது, கம்பிக்கு அந்தப் பக்கம் தன் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பார்வையை அதிலிருந்து எடுக்காமலே சொன்னாள்.

“முதல் அடி அம்மாவுக்காக. ரெண்டாவது என் விரலுக்காக. மூணாவது யாருக்காகவும் இல்ல. அடிக்கறது நல்லா இருந்துச்சு, அதனால ஓங்கினேன். அதை நினைச்சாத்தான் பயமா இருக்கு.”

அம்மா அவளைப் பார்க்க வரவேயில்லை. மகனோடு ஆஸ்பத்திரியில் இருந்தாள். தாடையில் கம்பி போட்டு வாயைக் கட்டியிருந்தார்கள். உறிஞ்சுகுழலில் கஞ்சி கொடுத்து, முகம் துடைத்து, குழந்தை மாதிரிப் பார்த்துக்கொண்டாள். பெற்ற மனம் பித்து என்று நான் ஆறுதல் சொல்லப்போனேன். ஆணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அடித்ததற்காக அவள் அழுததை நான் பார்த்ததில்லை. அன்றைக்கு அழுதாள்.

அவள் வெளியே வந்து கொஞ்ச நாளில், ஒரு காலைவேளை, அம்மா ஒரு துணிப்பையோடு டயர் கடை மாடிக்கு வந்து நின்றாள். அம்மாவே சொன்னாள்.

“கட்டுப் பிரிச்சுட்டாங்க. அவனுக்கு வாய் ஆறிடுச்சு, திட்ட ஆரம்பிச்சுட்டான். அதான் வந்துட்டேன்.”

அண்ணன் பேஸை அந்த வியாபாரிக்கே விற்றுவிட்டு ஊரைவிட்டுப் போய்விட்டான். வலது கை வளைந்தே கூடிவிட்டதால் வாசிக்க வராது என்று கேள்விப்பட்டோம். எங்கேயோ ஒரு கிடங்கில் காவல் வேலை என்றார்கள். அதற்குமேல் தகவல் இல்லை, அவர்களும் தேடவில்லை.

ஆணியின் பேஸைக் கோர்ட்டு திருப்பிக் கொடுத்தபோது கழுத்து விரிசல் விட்டிருந்தது. திருகுகளைக் கழற்றினால் கழுத்து தனியாக வந்துவிடும். வாத்தியக் கடைக்குப் போய்க் கேட்டதும் அதே அளவில் புதுக் கழுத்தை எடுத்து நீட்டினார்கள். மதியத்துக்குள் பூட்டி வாசித்துக்கொண்டிருந்தாள். ரீஇஷ்யூ வாங்குவதில் இந்தச் சுகம் ஒன்று உண்டு. போனது போய்விட்டது என்று அது உங்களை உட்காரவைத்து அழவிடாது.

பிறகு ஒருமுறை கம்பி வாங்குவதற்காக நானும் அவளும் பெருநகரத்துக்குப் போனோம். ஒரு பெரிய கடையில், கண்ணாடிப் பேழைக்குள், விளக்கு வெளிச்சத்தில் அப்பாவின் பேஸ் நின்றது. பள்ளம் தெரியும்படி கொஞ்சம் சாய்த்து வைத்திருந்தார்கள். அவள் வாசித்துப் பார்க்கலாமா என்று கேட்டாள். கடைப்பையன் கையுறை போட்டுக்கொண்டு எடுத்துக் கொடுத்தான். ஒரு பாட்டு முழுக்க வாசித்தாள். கடைக்குள் இருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு வந்து நின்றார்கள். முடித்ததும் கம்பிகளை உள்ளங்கையால் அமர்த்தித் திருப்பிக் கொடுத்தாள். வாங்க ஆசையாக இருக்கிறதா என்று தெருவில் வைத்துக் கேட்டேன்.

“ஆசைதான்” என்றாள். “வீட்டுல அம்மா இருக்காங்களே.”

வருஷங்கள் ஓடின. கிளப்பில் வலை மட்டும் புதுசு. பாட்டில் பறப்பதில் மாற்றமில்லை. பழைய டிரம்ஸ்காரர் முதுகுவலி என்று நின்றுவிட, பதிலுக்கு ஒருவன் வந்தான். நல்ல கை, நல்ல வேகம். அவன் மனைவி தினமும் அவனோடு வந்து பின்கட்டில் உட்கார்ந்திருப்பாள், யாரிடமும் பேசமாட்டாள். ஒரு ஞாயிறு, முதல் பாதி முடிந்து நாங்கள் மூச்சுவாங்கிக்கொண்டிருந்தபோது பின்பக்கத்திலிருந்து ஏதோ தகரம் உருளும் சத்தம் கேட்டது. ஆணி தலையை நிமிர்த்தினாள். அந்த மாதிரிச் சத்தத்தில் எது தகரம், எது ஆள் என்று அவளுக்குத் தெரியும். பேஸைக் கழற்றித் தாங்கியில் நிறுத்தினாள். கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். பாடகரும் நானும் பின்னாலேயே ஓடினோம்.

குப்பைத்தொட்டி சாய்ந்து கிடந்தது. புது டிரம்ஸ்காரன் தன் மனைவியின் கழுத்தைச் சுவரோடு சேர்த்துப் பிடித்திருந்தான். அடிக்க ஆணிக்குத் தெரியாததா? பக்கத்திலேயே இரும்புக் குழாய் ஒன்று சாய்த்து வைத்திருந்தது, அவள் பார்வை ஒருமுறை அதன்மேல் போனதையும் பார்த்தேன். அவள் அதை எடுக்கவில்லை. அவன் கைக்கும் அந்தப் பெண்ணுக்கும் நடுவில் தோளை நுழைத்து, முதுகால் அவளை மறைத்துக்கொண்டு நின்றாள்.

“விடு” என்றாள். அவ்வளவுதான்.

அவன் விட்டான், விட்ட கையாலேயே குத்தினான். மூக்கெலும்பு நொறுங்கியது. அவள் நகரவில்லை. இன்னொரு குத்து, கண்ணுக்குக் கீழே. அவள் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவை அவிழ்ந்துவிடக்கூடாதே என்று எனக்கு ஒரு பக்கம் பயம். அதற்குள் நாங்களும் கிளப்பிலிருந்த சுமைக்காரர்களும் சேர்ந்து அவனைத் தூக்கிக்கொண்டு போனோம். அவனுக்கு நடந்ததைச் சொல்ல வேண்டியதில்லை. அவன் மனைவி ஆணியின் முதுகுச் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, விடமாட்டேன் என்பதுபோல நின்றாள். அன்று சாயங்காலமே அவளை அவளுடைய அக்கா வீட்டுக்குப் பஸ் ஏற்றிவிட்டது ஆணியின் அம்மாதான்.

அதெல்லாம் பிறகு. அந்த நேரத்தில் எங்களுக்கு இரண்டாவது பாதி பாக்கி இருந்தது, உள்ளே கூட்டம் பாட்டிலைத் தட்ட ஆரம்பித்துவிட்டது, டிரம்ஸுக்கு ஆள் இல்லை. இன்றைக்கு முடித்துக்கொள்ளலாம் என்று பாடகர் கட்டிய பல்லோடு முணுமுணுத்தார். ஆணி மூக்கின் இரண்டு துளையிலும் பஞ்சை அடைத்துக்கொண்டு, ஒரு கண் மூடிப்போன முகத்தோடு மேடை ஏறி, பேஸை மாட்டி, எங்களைத் திரும்பிப் பார்த்தாள். ஆரம்பித்தாள். டிரம்ஸ் இல்லாத பாட்டு எங்கே ஓடப்போகிறதோ என்று பயந்துகொண்டு நான் பின்னால் சேர்ந்தேன். எங்கேயும் ஓடவில்லை. மூன்று விரலால் தாளம் முழுக்க அவளே சுமந்தாள். கொஞ்ச நேரத்தில் முன்வரிசையில் ஒரு கிரேன் ஓட்டுநர் எழுந்து தன் மனைவியை ஆடக் கூப்பிட்டார். அவள் முதலில் முடியாது என்றாள், பிறகு எழுந்து வந்தாள்.